இரண்டடி, மூன்றடி, நான்கடி: எந்தத் தொட்டிக்கு எந்தக் கடல் மீன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறான். “மாமா, கொளத்தூர்ல நிக்கிறேன். ரெண்டடித் தொட்டி, உப்பு, மோட்டார், லைட் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாத் தர்றாங்க. பாப்பாவுக்கு அந்த நீல மீன்தான் வேணுமாம். ரெண்டு நீலம், ரெண்டு நீமோ, ஒரு லயன். போடலாமா?”

“ஒண்ணும் வாங்காதடா. நேரா வீட்டுக்கு வா” என்றேன். பின்னால் பாப்பா அழ ஆரம்பித்தது எனக்கே கேட்டது.

அன்று இரவு அவனிடம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் கடை வைத்திருப்பவன் இல்லை, மீன்வளம் படித்தவனும் இல்லை. பெரம்பூரில் பத்து வருடத்துக்கு மேலாக ஒரு மூன்றடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கிறேன், அவ்வளவுதான். தப்பாக வாங்கிய மீன்களின் கணக்கு என்னிடம் நீளமாகவே இருக்கிறது.

அதில் முதல் பெயரே அந்த நீல மீன். ப்ளூ டேங் என்பார்கள். கடையில் பார்க்கும்போது நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும் இனம் அது. நீளம் ஆறு மடங்கு ஆனால் உடம்பு எடையும் ஆறு மடங்கு ஆவதில்லை. நீளம், உயரம், தடிமன் மூன்றும் சேர்ந்து பெருகுவதால் ஏறக்குறைய 200 மடங்கு ஆகிறது. தின்பதும் கழிப்பதும் அந்த எடைக்கு ஏற்பத்தான். “ஒரு அங்குல மீனுக்கு நாலு லிட்டர்” என்று நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் பழைய கணக்கு இங்கே எடுபடாமல் போவது இதனால்தான். கடையில் நாம் அளப்பது குட்டியை. தொட்டியில் பல வருடம் இருக்கப்போவது வேறு ஒரு மீன்.

இதெல்லாம் தெரியாமல் 2014-இல் ஒன்று வாங்கினேன். முதல் நாலு மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். அப்புறம் அது தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்பிக்கொண்டே இருந்தது. பவளத்திட்டின் மேலே நாள் முழுக்க நீந்தித் திரியும் மீன், மூன்றடியில் வேறென்ன செய்யும்? உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தது, மருந்தில் தேறியது, திரும்பவும் வந்தது. கடைசியில் அண்ணா நகரில் ஆறடித் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்க ஒரு ஆள் கிடைத்தது என் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே நீல டேங்கைப் பொறுத்தவரை என் பதில் ஒன்றுதான். ஆறடிக்குக் குறைந்த தொட்டி என்றால் வேண்டாம். “பெரிசானா மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால், மாற்றப்போகும் தொட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சென்னை வீட்டின் கணக்கு

மீனுக்குப் போகுமுன் தொட்டி. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் லிட்டர் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு காரணம்: வெயில், கரண்ட்.

கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். கத்திரி வெயிலில் நம் வீட்டு ஹாலே 34-ஐத் தொடுகிறது. போதாக்குறைக்கு மோட்டாரும் விளக்கும் தங்கள் பங்குச் சூட்டைத் தண்ணீரில் இறக்குகின்றன. மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் மே மாதப் புழுக்கத்தில் அதற்கும் ஒரு எல்லை உண்டு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், மீனுக்கோ அந்தச் சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும், அல்லது தொட்டி இருக்கும் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில்லரின் விலை பெரும்பாலும் தொட்டியின் விலையைத் தாண்டும் என்பதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை. இரண்டுமே முடியாது என்றால் கடல் மீன் ஆசையைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. அதற்குப் பதிலாக, முகத்துவாரத் தண்ணீரிலும் நன்னீரிலும் வாழும் நம்மூர் ஆரஞ்சு க்ரோமைட் நாலைந்தை வைத்துப் பாருங்கள். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது, சூட்டையும் தாங்கும்.

கரண்ட் விஷயம் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இன்னும் அதிக நாள். என் மூன்றடியில் அப்போது நாலு சின்ன மீன்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வைத்துச் சமாளித்தேன், நாலும் பிழைத்தன. எதிர்த் தெருவில் அதே அளவுத் தொட்டி வைத்திருந்த நண்பரிடம் ஒன்பது மீன்கள் இருந்தன. முதல் இரவே ஆறு போய்விட்டன. அவரிடமும் ஏர் பம்ப் இருந்தது. இத்தனைக்கும் அது டிசம்பர், தண்ணீர் குளிர்ந்திருந்த நேரம். அதிலிருந்து, ‘இந்தத் தொட்டி எத்தனை மீனைத் தாங்கும்’ என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. ‘மோட்டார் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்’ என்றுதான் கணக்குப் போடுகிறேன். அந்தக் கணக்கில் மீன் எண்ணிக்கை தானாகவே பாதியாகிவிடும்.

இரண்டடியா, மூன்றடியா, நான்கடியா

ஒரு கன அடி 28.3 லிட்டர். கடையில் ‘இரண்டடி’ என்று விற்பது 2×1×1, அதாவது 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டபின் 45 லிட்டர் மிஞ்சினால் பெரிது. கோடையில் ஃபேன் போட்டால் ஒரே நாளில் இரண்டு லிட்டர் ஆவியாகலாம். உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு ராத்திரிக்குள் 36.5-க்கு ஏறிவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். சின்னத் தொட்டி சுலபம், புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்வது தலைகீழ். சின்னத் தொட்டிதான் கையைக் கடிக்கும். பழகியவர்கள் வைக்க வேண்டியது அது.

இரண்டடிதான் முடியும் என்றால் க்ளவுன், அதாவது நீமோ, ஒரு ஜோடி. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது மீனுக்கு இடமில்லை.

மூன்றடி என்றால் 3×1.5×1.5 சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். கணக்கில் 191 லிட்டர், கையில் 150 லிட்டர் இருக்கும். அதே இரண்டு லிட்டர் ஆவியானால் உப்பு அரை கிராம்கூட ஏறாது. தப்பு செய்தாலும் திருத்த ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். சின்ன மீன்கள் நாலு, மிஞ்சினால் ஐந்து. வாரம் 15 லிட்டர் மாற்றினால் உப்பு அரை கிலோ செலவு. அதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும், போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஆகாது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு நின்றதை மறக்காதவர்கள், அந்தக் கழிவுத் தண்ணீரை வீடு துடைக்கவாவது எடுத்து வையுங்கள். மெரினாவிலிருந்தோ பெசன்ட் நகரிலிருந்தோ கடல் தண்ணீரைக் கேனில் பிடித்துவரும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். கூவமும் அடையாறும் எங்கே போய்க் கலக்கின்றன என்று யோசித்தால் அந்த ஆசை போய்விடும்.

நான்கடி, அதுவும் 4×2×2 என்றால் 453 லிட்டர். மீன்களுக்கு இது சொர்க்கம்தான். ஆனால் தண்ணீர் எடை மட்டும் 460 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு தனி. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அது அறை முழுக்கப் பரவி வரும் எடைக்கான கணக்கு என்றாலும், இந்தத் தொட்டி முக்கால் சதுர மீட்டரில் மொத்தத்தையும் இறக்கி வைக்கிறது. என் மூன்றடியே பீம் ஓடும் சுவரோரமாகத்தான் நிற்கிறது. மாடி ஃப்ளாட்டில் நான்கடி வைக்க நினைத்தால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். வாடகை வீடு என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

அக்கா மகனுக்கு மூன்றடி என்று முடிவு செய்தோம். கையில் இருந்த பணத்துக்கு ‘செட்’ இரண்டடியும் சில்லர் இல்லாத கோடையும், அல்லது நாலு மாதம் பொறுத்து மூன்றடியும் சில்லரும். பொறுப்பது அவனுக்குக் கஷ்டமில்லை, பாப்பாவுக்குத்தான்.

க்ளவுனா, டாம்சலா

கடையில் நீமோ என்று கேட்டால் எடுத்துத் தருவது க்ளவுன் வகைகளில் ஏதோ ஒன்று. எது என்று பார்த்து வாங்க வேண்டும். ஆசெலாரிஸ், பெர்குலா இரண்டும் பெரும்பாலும் எட்டொன்பது சென்டிமீட்டரோடு நிற்கும், சாது. அதே வரிசையில் அடர் சிவப்பில் மரூன் க்ளவுன் இருக்கும். அது 15 சென்டிமீட்டரைத் தொடும், தொட்டியில் மற்றவர்களை வாழவிடாது. ஜோடி வேண்டுமென்றால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வாங்குங்கள். க்ளவுன் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு போட்டால் யார் பெரியவர் என்பதற்கே சண்டை நடக்கும். மூன்றாவதாக ஒன்றைப் போட்டால் அது அடிபட்டே சாகும். கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் க்ளவுன் வாழாது என்று விற்பவர்கள் சொல்லலாம். தாராளமாக வாழும். சாமந்திதான் நல்ல விளக்கும் பழகிய தொட்டியும் இல்லாமல் அழுகி, மொத்தத் தண்ணீரையும் கெடுக்கும்.

க்ளவுனை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், பண்ணையில் பிறந்த குஞ்சுகளாகவே கிடைப்பது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் க்ளவுன் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும் இதில் வேலை செய்திருக்கிறது. பண்ணைக் குஞ்சு பிறந்ததிலிருந்து தொட்டியைத்தான் பார்த்திருக்கிறது. உருண்டைத் தீனியைத் தின்னும். கடலில் பிடித்த மீன் அப்படியல்ல. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படி வந்த மீன் கடையில் பளபளப்பாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணமே தெரியாமல் செத்துப்போகும். “இது ஹேட்சரி மீனா, பிடிச்ச மீனா?” என்ற ஒரு கேள்விக்குக் கடைக்காரர் திணறினால் எனக்கு அதுவே பதில்.

சரி, பாப்பாவின் நீலத்துக்கு வருவோம். மஞ்சள் வால் டாம்சல் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு மின்னும் நீலம், வால் மஞ்சள், ஏழு சென்டிமீட்டர். ப்ளூ டேங்குக்கு மூன்றடித் தொட்டியில் மாற்று இதுதான். ஒன்றே ஒன்று, அதுவும் மற்ற மீன்களெல்லாம் குடியேறியபின் கடைசியாக. டாம்சல் குடும்பத்துக்கு இடத்தைச் சொந்தம் கொண்டாடும் குணம் உண்டு. முதலில் விட்டால் பின்னால் வருகிறவர்களைத் துரத்தும். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்த டாமினோவை மலிவு என்று சேர்த்துவிடாதீர்கள். 14 சென்டிமீட்டர் வரை வளரும் ரௌடி அது. புதுத் தொட்டியைப் பழக்க, அதாவது மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் பெருக, நாலு டாம்சலை விட்டுப் பார்க்கச் சொல்லும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அம்மோனியாவில் வேக வைத்துச் சோதிப்பது பாவம். பிழைத்துவிட்டால் அந்த நாலும்தான் தொட்டிக்கு ஓனர்கள்.

கூட்டமாக எதையாவது விட ஆசைப்படுகிறவர்களுக்குப் பச்சை க்ரோமிஸைக் காட்டுவார்கள். மலிவு, அழகு. ஆனால் மூன்றடியில் ஆறு விட்டால் ஒன்றையொன்று அடித்து, சில மாதங்களில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எனக்கு ஆறில் ஒன்று மிஞ்சியது. அதற்குப் பதில் பங்காய் கார்டினல் ஒன்று, அல்லது உறுதியான ஜோடி என்றால் இரண்டு. இந்தோனேசியாவில் சுலாவேசிக்கு அருகே உள்ள பங்காய் தீவுகளைச் சுற்றித்தான் இது இயற்கையாக வாழ்கிறது. தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போய் 2007-இல் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆனால் தொட்டியில் எளிதாக இனம் பெருக்கும். முட்டைகளை ஆண் மீன் வாயில் வைத்துக் காக்கும். ஆகவே பண்ணை மீன் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்குங்கள், தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். ஃபயர்ஃபிஷ் ஒன்று சேர்க்கலாம். எகிறிக் குதிக்கும், மேலே வலை மூடி கட்டாயம். என்னுடையது ஒன்று சோபாவுக்கு அடியில் கருவாடாகக் கிடைத்தது.

நான்கடி 4×2×2 வைத்திருப்பவர்கள் கேட்பது மஞ்சள் டேங்கா, குள்ள ஏஞ்சலா என்று. மஞ்சள் டேங் 20 சென்டிமீட்டர் வரை போகும், நான்கடி அதற்குக் குறைந்தபட்சம். கோரல் பியூட்டி போன்ற குள்ள ஏஞ்சல் 10 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், கல் இடுக்குகளில் மேய்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கும். நான் ஏஞ்சலைத்தான் எடுப்பேன்.

உருவம் சின்னது, செலவு பெரிது

சென்டிமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறும் இடமும் உண்டு. மாண்டரின் மீன் ஆறேழு சென்டிமீட்டர்தான். அதன் நிறத்தைப் பார்த்தவர்கள் வாங்காமல் திரும்புவது கஷ்டம். ஆனால் அது நாள் முழுக்கக் கல்லில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளைத்தான் கொத்தித் தின்கிறது. சின்னத் தொட்டியில் அந்தப் பூச்சிகள் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் நாம் தினமும் தீனி போட்டுக்கொண்டிருக்க, அது எலும்பும் தோலுமாகிச் சாகும். க்ளீனர் ராஸ் கதையும் இதுதான். பெரிய மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைப்பது, நாலு சின்ன மீன் இருக்கும் தொட்டியில் எதைத் தின்னும்?

இனி லயன். அக்கா மகன் பட்டியலில் இருந்தது. 35 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், முதுகு முள்ளில் விஷம், வாயில் அடங்கும் மீன் எதுவும் மறுநாள் இருக்காது. க்ளவுனோடு லயனைப் போடச் சொன்னவர் யாரோ தெரியவில்லை. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்துத் தலையைக் கீழே சாய்த்து நீந்தும் பாந்தர் குரூப்பர் குட்டியும் இப்படித்தான். அது 70 சென்டிமீட்டர் வளரக்கூடிய களவா வகை. குழம்பு வைக்க வேண்டியதை ஹாலில் வைத்துத் தீனி போடும் கதை. பேட்ஃபிஷ், முள்ளம்பன்றி மீன் எல்லாம் இதே வரிசை. ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் இந்த வரிசையைக் கடந்து போய்விடுங்கள்.

வளர்ந்துவிட்டால் கடலில் கொண்டு விட்டுவிடலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் 1985 வாக்கில் முதலில் தென்பட்ட லயன், இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், தொட்டி கழுவும் மீன் என்று வாங்கிய சக்கர் மீன் நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதைக் கேட்டாலே போதும்.

குதிரை மீன் கேட்பவர்களுக்கு ஒரு வரி. கடற்குதிரை எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. திட்டுக் கட்டும் பவளங்களும் அப்படியே. பாக்டீரியா குடியிருக்கும் கல் என்று சொல்லி, ‘நம்ம ராமேஸ்வரம் லைவ் ராக்’ என்று தருவது பெரும்பாலும் செத்த பவளம்தான். 21 தீவுகளோடு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து ஹாலில் வைக்க வேண்டியதில்லை. துளைகள் நிறைந்த செராமிக் கல் கிடைக்கிறது. பாக்டீரியா குடியேற அது போதும். முதல் இரண்டு மாதம் வெள்ளையாக, பாத்ரூம் ஓடு மாதிரி இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நான் செய்வது இரண்டு காரியம். வந்திறங்கிய அன்று வாங்க மாட்டேன், ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். அப்புறம் என் கண் முன்னால் தீனி போடச் சொல்வேன். தின்னாத மீனுக்குப் பணம் கிடையாது. இதனால் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைகளும் உண்டு.

அக்கா மகன் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது: பண்ணை க்ளவுன் ஜோடி, ஃபயர்ஃபிஷ் ஒன்று, கடைசியில் மஞ்சள் வால் டாம்சல் ஒன்று. சித்திரைக்கு முன் சில்லர். கையிருப்பில் கொஞ்சம் கடன் சேர்த்து, நாலு மாதம் என்றதை ஒரே வாரத்தில் முடித்துத் தொட்டியை வாங்கிவிட்டான். வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது வாரம். அம்மோனியா சோதனையில் இன்னும் பச்சை நிறம் காட்டுகிறது, அதாவது அம்மோனியா இன்னும் தீரவில்லை, அது முழு மஞ்சளுக்கு வர வேண்டும். நேற்று பாப்பாவே போன் செய்தாள். “தாத்தா, என் தொட்டியில மீனே இல்ல, தண்ணி மட்டும் சுத்துது.” ஞாயிற்றுக்கிழமை சோதனைக் குழாயோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.